பாய்மரப் படகில் பத்து நாள்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் விவசாயம் பார்க்கிறார். செஷல்ஸ் தீவுகளுக்கு இடையே பாய்மரப் படகில் நிதானமாகப் பத்து நாள் போய்வர ஆசை. முழுப் படகுக்கு 8 லட்சம், மற்றவர்களோடு சேர்ந்து ஓர் அறை மட்டும் என்றால் 5 லட்சம் என்கிறார் ஏஜென்ட். போன வருடம் ஜனவரியில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டேன். வட்டியைத் தொடவில்லை, வீட்டுச் செலவுக்குப் பென்ஷன் போதும். டெபாசிட்டை எடுக்கலாமா? கூட்டுறவு வங்கியில் நகையை வைத்துப் பயிர்க்கடன் வாங்கலாம் என்கிறார் கணவர்.

பதில்: கட்டாயம் போய்வாருங்கள். பாடம் எடுத்த கடல் தேங்காயை, உலகத்திலேயே பெரிய விதையை, செஷல்ஸின் பிராஸ்லின் தீவில் மரத்திலேயே பார்க்கப் போகிறீர்கள். இதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு வழியுமே வேண்டாம்.

டெபாசிட்டில் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். இரண்டு வருடம் முடியாததால் ஒன்றரை சதவீதம், அதாவது 45,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.

நகைக் கடன்தான் எனக்கு அதிகக் கவலை. பயிர்க்கடனுக்கு வட்டி குறைவாக இருப்பதற்குக் காரணம், அதில் ஒரு பங்கை அரசு ஏற்பதுதான். அது வயலுக்கான பணம், அதைப் பயணத்துக்குத் திருப்புவது தவறு. இன்னொன்றும் இருக்கிறது. இது ஆடி மாதம். மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து, சம்பா நாற்றங்கால், உழவு, நடவு என்று செலவு நீளப்போகிற நேரம். இப்போது நகை அடகுக்குப் போய்விட்டால், ஐப்பசி மழையில் பயிர் மூழ்கி மறுநடவு செய்ய நேர்ந்தால் எதை வைத்துப் பணம் புரட்டுவீர்கள்? டெல்டாவில் நகை என்பது கழுத்துக்கு மட்டும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

சரி, பணம் எங்கே? உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது. 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாத வட்டி 61,500 ரூபாய். 10 சதவீத வரிப் பிடித்தம் போனால் 55,350. ஜூலை 1 வரை ஏறக்குறைய ஆறு தவணை, சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் சேர்ந்திருக்கும். அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் முதல் தேதிகளில் இன்னும் மூன்று தவணை. ஆக மொத்தம் 5 லட்சத்தை ஒட்டி வந்துவிடுகிறது. அசலில் கை வைக்கவே வேண்டாம். பென்ஷனோடு சேர்த்து வரி கூடுதலாக வந்தால் அதற்கு மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.

மாதமும் தோதாக அமைகிறது. ஏப்ரலில் செஷல்ஸில் பருவக்காற்று திசை மாறும் நேரம், கடல் அமைதியாக இருக்கும். இங்கே தையில் சம்பா அறுவடை முடிந்து, பங்குனியில் உளுந்தும் வீட்டுக்கு வந்திருக்கும். குறுவைக்கு இன்னும் நாள் இருக்கும். வயலை விட்டுக் கணவர் நிம்மதியாகக் கிளம்பக்கூடிய மாதம் அதுதான்.

ஓர் அறை போதும். கேப்டனும் சமையல்காரரும் படகிலேயே இருப்பார்களா, சைவம் கிடைக்குமா என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தை யூரோவில் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். ரூபாய் இறங்கினால் செலவு ஏறும், அதற்கு 50,000 ரூபாய் உளுந்துப் பணத்திலிருந்து தனியாக இருக்கட்டும். ஏஜென்ட் டிசிஎஸ் என்று, வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்கூட்டியே பிடிக்கும் வரியாக, ஒரு தொகை வசூலிப்பார். பயப்பட வேண்டாம், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் பயணக் காப்பீடு. படகிலிருந்து கரைக்கு அவசரமாகக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் இருவருமே விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் வராது.