பாலர் பள்ளிக்கு மாசாமாசம் காசு எங்கேருந்து வரும்?

கேள்வி: புதுசா பாலர் பள்ளி திறக்கும்போது கட்டிடம், பொம்மை, பெயின்ட்னு அமர்க்களப்படுது. ரெண்டு மூணு வருஷத்துல டீச்சருக்கு சம்பளம் இல்லைன்னு இழுத்து மூடிடறாங்க. இதுக்கு நிரந்தரமா அரசுப் பணம் வர வழியே இல்லையா?
- ஒரு வாசகி

பதில்: வழி இருக்குங்க. கட்டிடம் ஒரு தடவை செலவு, அதுக்கு நன்கொடை, கடன் எது வந்தாலும் சரி, ஆனா பாலர் பள்ளி செலவுல பெரும்பங்கு டீச்சர் சம்பளம்தான், அது மாசாமாசம் வேணும், அதப் போய் மூணு வருஷத் திட்டப் பணத்துல கொடுத்தா நீங்க சொன்ன கதைதான் நடக்கும்.

பாலர் பள்ளி மாதிரி குழந்தைங்க காரியத்துக்குன்னே தனி வரி போட்ட ஊர்களும் இருக்கு. கொலம்பியாவுல 1974-லயே முதலாளிங்க கொடுக்கற சம்பளத் தொகை மேல வரி போட்டு குழந்தைகள் நலத்துக்குன்னு ஒதுக்கினாங்க. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம் 1993-லேருந்து பாலர் பள்ளிய லாட்டரி பணத்துல நடத்துது (ஏழைங்க சீட்டு வாங்கற காசுல ஏழைக் குழந்தை படிக்கறது எனக்கு மனசு ஒப்பல). அங்கேயே பிலடெல்பியா நகரத்துல பாலர் பள்ளிக்காக 2017-ல சர்க்கரை பானத்துக்கு வரி போட்டாங்க. நல்லதுதான், ஆனா ஜனங்க கூல்டிரிங்ஸ் குடிக்கறது குறைஞ்சா வரியும் குறையும், குழந்தைங்க எண்ணிக்கை குறையாதே!

அதனால தனி வரி துணைக்கு இருக்கட்டும், அடிப்படைப் பணம் பொது பட்ஜெட்லேருந்து, ஒரு குழந்தைக்கு இவ்வளவுன்னு சட்டமா எழுதி, விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறற மாதிரி வரணும்ங்கறதுதான் என் கருத்து. 2022-ல தாஷ்கண்ட்ல யுனெஸ்கோ நடத்தின மாநாட்டுல கல்விச் செலவுல குறைஞ்சது 10% பாலர் கல்விக்குப் போகணும்னு பிரகடனமே செஞ்சாங்க.

அப்புறம் அரசாங்கம் ஏன் தயங்குதுன்னா, பலன் வர இருபது முப்பது வருஷம் ஆகுது. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல 1962-லேருந்து 1967 வரைக்கும் நடந்த பெர்ரி ஆய்வுல 123 ஏழைக் குழந்தைங்க, அதுல பாலர் பள்ளிக்குப் போனவங்க 40 வயசுல கூடுதலா சம்பாதிச்சாங்க, போலீஸ் கேஸ்ல மாட்டினதும் கம்மி. ஆக செலவு கல்வித் துறைக்கு, லாபம் சிறைத் துறைக்கும் வரித் துறைக்கும். நிதி அமைச்சகம் இதெல்லாத்தையும் ஒரே கணக்கா பாத்தாத்தான் பணம் நகரும்.

கேள்வி: பெற்றோர்கிட்ட கொஞ்சம் ஃபீஸ் வாங்கினா என்ன?

பதில்: வசதியானவங்ககிட்ட வருமானத்துக்குத் தகுந்த மாதிரி வாங்கலாம். எல்லாருக்கும் ஒரே ஃபீஸ்னா முதல்ல நின்னுபோறது கூலி வேலைக்குப் போறவங்க குழந்தைதான், அவங்களுக்காகத்தானே அரசுப் பணமே கேக்கறோம்.