போர்க்காலத்தில் நிலக்கரியைப் பத்திரமாகச் சேமித்து விநியோகிப்பது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வரலாற்று இடுபணி எழுதுகிற பிள்ளை போலிருக்கிறது. குண்டுவீச்சு, நாசவேலை என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அதற்கு முன்னால் நிலக்கரி தன்னைத்தானே எரித்துக்கொள்ளும் என்பதை எழுதுங்கள். காற்றுப் பட்டுப் பட்டு உள்ளே சூடேறி, ஒருநாள் பற்றிக்கொள்ளும்.

நான் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்தில் வளர்ந்தவன். தாத்தா பக்கத்தில் பத்து ஆராங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி ஏற்றியவர். 1960-இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால் மலாயா ரயிலுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் அங்கிருந்துதான் கரி போனது. சீக்கிரம் பற்றுகிற ரகம் அது. 1948 ஜூலையில் கம்யூனிஸ்டுகள் அந்தச் சுரங்க ஊருக்குள் புகுந்து தாக்கிய பிறகும் தாத்தா வேலைக்குப் போனார்.

அவர் சொல்லிக்கொடுத்தது இது. கரியை மலைபோல் குவிக்கக் கூடாது. தாழ்வாகப் பரப்பி, காற்றுப் புகாதபடி இறுக்கி, தனித்தனிக் குவியலாக இடைவெளி விட வேண்டும். ஒன்றில் குண்டு விழுந்தாலும் தீப்பிடித்தாலும் மற்றவை தப்பும். முதலில் வந்த கரி முதலில் வெளியே போக வேண்டும். ரயில், மின்சாரம், தண்ணீர் பம்புக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. வீட்டு அடுப்புக்கு விறகு போதும்.

பின்னாளில் கிள்ளான் பக்கம் ஒரு மின்நிலையத்தின் கரிக்களத்தில் நான் வேலை பார்த்தேன். ஒருநாள் குவியலின் ஓரத்தில் மண்ணெண்ணெய் மாதிரி வாடை. நீளமான இரும்புக் கம்பியைச் செருகிக் கொஞ்ச நேரம் விட்டு உருவினேன். நுனியில் கை வைக்க முடியவில்லை. புதிதாக வந்த பொறியாளர் மேலே குழாயைத் திருப்பச் சொன்னார். நான் விடவில்லை. தண்ணீர் மேலோடு வழிந்துவிடும், உள்சூட்டைத் தொடாது. இயந்திரத்தை வரவழைத்து அந்த இடத்தைத் தோண்டிப் பரப்பி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கினோம். மற்ற குவியலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்புத் துறையினர் கோபிக்க வேண்டாம், தண்ணீரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரித்துப் பரப்பிய பிறகு அடியுங்கள் என்கிறேன். படித்தவர்தான் சொல்ல வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூடம் போகாதவர்.

இவ்வளவு உழைத்த தாத்தா சாகும்வரை சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாக. தோட்டத்தில் பிறந்த அத்தைக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை, அவருக்கும் அதே சிவப்புதான். எத்தனை தடவை மனுப் போட்டாலும் அலுவலகத்தில் அதே பத்திரத்தைத்தான் கேட்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சரி. ஆனால் தோட்டத்தில் பிறந்து இப்படி மனுப் போட்டு குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன தாள் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அத்தைக்கு வயதாகிக்கொண்டே போகிறது.