உங்கள் லோபோலாவை நீங்களே கட்டுகிறீர்களா?

கேள்வி: நான் ஜூலு இனப் பெண், வயது 31. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு மருத்துவமனை நர்ஸ். என் சம்பளத்தில்தான் அப்பா வீடு நடக்கிறது. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். இரண்டு வருடமாக ஒருவரை விரும்புகிறேன். அவர் தரப்புப் பெரியவர்கள் வந்து லோபோலா (மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு மாடாகவோ பணமாகவோ தரும் மணக்கொடை) பேசி, 11 மாடுகளுக்கான தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டார்கள் (அந்தப் பணத்துக்கு என் பெயரில் லோன் போட்டேன், வீட்டில் யாருக்கும் தெரியாது). மீதியோடு அடுத்த மாதம் வருகிறார்கள். அன்றைக்கே விருந்து. கல்யாணத்துக்குப் பிறகாவது எனக்கென்று ஒரு வாழ்க்கை கிடைக்குமா? அவர் அன்பு நிலைக்குமா?
- பெயர் வேண்டாம், டர்பன் (உடன் பணிபுரியும் தமிழ்த் தோழி எழுதி அனுப்பியது)

பதில்: அன்பு நிலைக்குமா என்பதை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். லோன் உங்கள் பெயரில்.

மாப்பிள்ளை வீட்டார் சிரமப்பட்டுச் சேர்த்து, உங்கள் வாசலில் வந்து நின்று பெண் கேட்பதில்தான் லோபோலாவின் மரியாதையே இருக்கிறது. அந்த 11 மாட்டில் ஒன்று உங்களைப் பெற்று வளர்த்த தாய்க்கென்று தனியாகப் போகிறது. அதையும் நீங்களே தவணை கட்டி வாங்கிக் கொடுக்கிறீர்களா, அம்மா? பெண் தரப்புப் பணத்தில் மாப்பிள்ளை தலைநிமிர்ந்து நிற்பதற்கு எங்கள் ஊரில் வரதட்சணை என்று பெயர். 1961-லேயே சட்டம் போட்டும் நாங்கள் அதிலிருந்து மீளவில்லை. அது இல்லாத ஒரு வழக்கத்தில் பிறந்த நீங்கள், வலியப் போய் அதைச் சுமக்கிறீர்கள்.

அவரிடம் பணம் இல்லாதது குற்றமில்லை. இப்போதைக்கு நான்கு மாடு, மீதி பிறகு என்று அவர் சார்பில் லோபோலா பேச வந்த பெரியவர்கள் (அபகோங்கி) கேட்டிருக்கலாம். உங்கள் வழக்கம் தவணையை ஏற்கும். உங்கள் அப்பாவிடம் அவகாசம் கேட்கக் கூசியவருக்கு உங்களைக் கடனாளியாக்கக் கூசவில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

எட்டு மணிக் கட்டுப்பாட்டுக்குக் கல்யாணம் மருந்தாகாது. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் மரபுத் திருமணம் செய்த கறுப்பினப் பெண்ணைக் கணவனின் பொறுப்பிலுள்ள மைனராக வைத்திருந்தது. 2000 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மரபுத் திருமண அங்கீகாரச் சட்டம் மனைவிக்குச் சம உரிமை தந்துவிட்டது. 18 வயது நிறைந்த பெண் வாடகை ஒப்பந்தம் போட அப்பாவும் வேண்டாம், புருஷனும் வேண்டாம். இப்போது கட்டும் தவணையில் ஓர் அறை எடுத்திருக்கலாம். அங்கிருந்தபடியே அப்பாவுக்கு மாதாமாதம் பணம் தரலாம். அந்தக் கடமையை விடச் சொல்லமாட்டேன்.

இனி பணக் கணக்கு. உங்கள் நாட்டில் எதுவும் எழுதிக்கொள்ளாமல் கல்யாணம் செய்தால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகக் கலந்துவிடும். கல்யாணத்துக்கு முன் வாங்கிய கடனும் சேர்த்தி. 'அப்புறம் திருப்பித் தருகிறேன்' என்று அவர் சொல்லியிருந்தால் அதற்கு மதிப்பே இருக்காது; ஒரே பையில் எடுத்து அதே பையில் போடுவார். அவருடைய கடை பாக்கிக்கும் கார் கடனுக்கும் உங்கள் சம்பளமும் பொறுப்பாகும். விவாகரத்து என்று வந்தால் உங்கள் ஓய்வூதிய நிதியும் பங்குக்கு வரும்.

ஆகவே இருவரும் கடன் வரலாற்று அறிக்கை எடுத்து, ஒருவருடையதை மற்றவர் படியுங்கள். வருடத்துக்கு ஒன்று இலவசம். பிறகு நோட்டரி வழக்கறிஞரிடம் போய்த் திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம் போடுங்கள். கையெழுத்தான மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் அது பதிவாக வேண்டும். 'அக்ரூவல்' முறையைக் கேளுங்கள்: அவரவர் சொத்தும் கடனும் தனியாக இருக்கும், மணவாழ்வில் யாருடைய சொத்து குறைவாக வளர்ந்ததோ அவருக்கு அந்த வித்தியாசத்தில் பாதி கிடைக்கும். இன்றைய உங்கள் சொத்து மதிப்பை எழுத மறந்தால் பூஜ்யத்திலிருந்து கணக்கிடுவார்கள். லோன் தொகைக்கு அவரிடம் தனியாகக் கடன் ஒப்புதல் பத்திரமும் வாங்குங்கள்.

இதெல்லாம் விருந்துக்கு முன்னால் முடிய வேண்டும். பெண்ணைப் புகுந்த வீட்டில் ஒப்படைக்கும் சடங்கு நடக்காவிட்டாலும் மரபுத் திருமணம் செல்லும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. லோபோலா பேசி, உங்களுக்குப் புது உடை உடுத்தி, எல்லோரும் கொண்டாடினால் அன்றைக்கே கல்யாணம் ஆகிவிட்டதென்று கொள்ள இடமுண்டு. அதன்பின் சொத்து முறையை மாற்ற இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டிவரும். கடன் கொடுத்தவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். (திருமணத்தை மூன்று மாதத்துக்குள் உள்துறை அலுவலகத்தில் பதியுங்கள். பதியாவிட்டாலும் செல்லும், ஆனால் நிரூபிக்க அலைய வேண்டும். லோபோலா பேசி முடித்ததை எழுதி வைத்த கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்பாவிடம் சொல்லியே ஆக வேண்டும். தன் மகளின் கடனைச் சம்பந்தி வீட்டு மரியாதை என்று நினைத்து அவர் வாங்கி வைத்திருக்கிறார். பெற்றவருக்குச் செய்யக்கூடாத காரியம் இது. நேரே சொல்லத் தைரியம் இல்லையென்றால் அத்தையிடம் சொல்லி, அவரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மீதிப் பாதி யார் பணம் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதுவும் உங்கள் லோன்தான் என்றால் அந்த லோன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அடுத்த மாதத் தேதியை இந்த வாரமே தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதை அவரே தன் பெரியவர்கள் மூலம் உங்கள் அப்பாவிடம் சொல்லி அனுப்பட்டும்.