நோட்டீஸ் போட்ட பணம் திரும்பி வருமா?

கேள்வி: அண்ணா, கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆடி மாதம் 5,000 நோட்டீஸ் அடித்தேன். 2,000 என்றால் 2,600 ரூபாய், 5,000 என்றால் 4,000 ரூபாய் என்று அச்சகத்தில் சொன்னதால் 5,000 அடித்துவிட்டேன். பேப்பர் ஏஜென்டிடம் நோட்டீஸுக்கு 50 பைசா வீதம் 2,500 கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வைத்தேன். வந்தது 11 பேர். ஒரு லைனிங் பிளவுஸுக்கு 300 வாங்குகிறேன், செலவெல்லாம் போக 120 நிற்கும். இனி நோட்டீஸே வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, நீங்கள் கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுதியதே எனக்குப் பெரிய சந்தோஷம், பாதிப் பேருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதே தெரியாது. மொத்தம் 6,500 ரூபாய், 11 பேர், அப்படியென்றால் ஒரு வாடிக்கையாளரைக் கடைக்குள் கூட்டிவர 591 ரூபாய் ஆகியிருக்கிறது. போட்ட பணம் திரும்ப 55 பிளவுஸ் தைக்க வேண்டும். அந்த 11 பேரும் ஆளுக்கு ஒன்று தைத்துவிட்டு மறந்துவிட்டால் நஷ்டம்தான். ஆனால் தையல் கடை அப்படியில்லையே. அளவு சரியாக உட்கார்ந்துவிட்டால் ஒரு பெண் லேசில் கடையை மாற்றமாட்டார், தங்கையையும் கூட்டி வருவார். 11 பேரில் 6 பேர் நிலைத்து வருஷத்துக்கு ஆளுக்குப் பத்து பிளவுஸ் கொடுத்தாலே 60 ஆகிவிடும். அதனால் வீட்டுக்காரரிடம் தீபாவளி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த 11 பேர் பெயரையும் ஒரு நோட்டில் தனியாக எழுதி, யார் திரும்ப வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இருந்தாலும் 6,500 செலவழித்திருக்கவே வேண்டாம். ஆஃப்செட் அச்சில் பிளேட், அதாவது அச்சடிக்கிற தகட்டின் செலவு ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு நோட்டீஸின் விலை இறங்கும். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. கூடுதலாக வந்த 3,000 நோட்டீஸுக்கு அச்சுக்கூலி 1,400தான், ஆனால் அவற்றை வீடு சேர்க்க இன்னும் 1,500 கொடுத்தீர்கள். ஆக 2,900 ரூபாய். அந்த 3,000 போன வீடுகள் எங்கே இருந்தன? ஒரு பிளவுஸுக்காக ஊரின் அந்தக் கோடியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், வழியில் நாலு தையல் கடை இருக்கும். உங்களுக்கு வேண்டியது நடந்தோ ஸ்கூட்டியிலோ பத்து நிமிஷத்தில் வரக்கூடிய தெருக்கள். முதலில் அந்த வீடுகளை எண்ணுங்கள், அப்புறம் அச்சகத்துக்குப் போங்கள். 700 வீடு என்றால் 2,000 நோட்டீஸ் அடித்து, அதே வீடுகளுக்கு இரண்டு மூன்று தடவை போடுவது மேல். முதல் தடவை பார்க்கும்போது அந்த வீட்டில் தைக்க வேண்டிய துணியே இருக்காது.

ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. தள்ளுபடியில் சேலை எடுத்தவர்களுக்கெல்லாம் பிளவுஸ் வேண்டும். ஆனால் அதே ஆடியில் பேப்பரைப் பிரித்தால் ஜவுளிக்கடை நோட்டீஸாகக் கொட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பளபளப்பான நாலு தாளுக்கு நடுவே உங்களுடையது எங்கே தெரியும்? பல வீடுகளில் பேப்பரை முதலில் எடுப்பது தாத்தா, ஒரு உதறு உதறிவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவார். பிளவுஸ் தைக்கிற கைக்கு அது போவதே இல்லை. பேப்பரில் வைக்கத்தான் வேண்டுமென்றால் செவ்வாய், புதன் மாதிரி சாதாரண நாளில், உங்கள் தெருக்களுக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேப்பர் பையனும் போகிற தெருக்களை லைன் என்பார்கள், ஏஜென்டிடம் லைன் வாரியாகக் கேட்டால் பிரித்துக் கொடுப்பார்.

உங்கள் தொழிலுக்குப் பேப்பரைவிட நல்ல இடங்கள் இரண்டு. ஒன்று மேட்சிங் சென்டர். பிளவுஸ் பிட் வாங்குகிற பெண் அடுத்து தேடுவது தையல் கடையைத்தான், அந்தக் கடைக்காரரிடம் பேசி கல்லாப்பெட்டி பக்கத்தில் நூறு நோட்டீஸ் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, சாயங்காலம் பிள்ளைகளுக்காக அம்மாக்கள் காத்திருக்கிற பள்ளிக்கூட வாசல். நீங்களே நின்று கையில் கொடுத்து, கடை எங்கே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். திருபுவனம் பட்டுக்கடைகளுக்கு வெளியே கொடுக்கலாமே என்று தோன்றும். கல்யாணப் பட்டு எடுக்க அங்கே வெளியூரிலிருந்து நிறைய பேர் வருகிறார்கள், அவர்கள் சேலையோடு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள், அதனால் அங்கே வேண்டாம்.

அடுத்த தடவை நோட்டீஸில், 'இதைக் கொண்டுவந்தால் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் இலவசமாகத் தைத்துத் தருவோம்' என்று ஒரு வரி போடுங்கள். மேட்சிங் சென்டரில் வைப்பதன் ஓரத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு, பள்ளியில் கொடுப்பதில் பச்சை, பேப்பரில் போவதில் ஒன்றுமில்லை. திரும்பி வருகிற தாள்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்து மாதக் கடைசியில் எண்ணினால், எந்த இடம் ஆளைக் கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். நோட்டீஸ் பலன் தருமா என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, உங்கள் கடைக்கு எங்கே கொடுத்தால் பலன் என்பதை இந்த டப்பா சொல்லும்.

தேதியும் முக்கியம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் நீங்களே ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அப்போது நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே, தீபாவளிக்குப் புரட்டாசித் தொடக்கத்தில், யூனிஃபார்ம் தைப்பீர்கள் என்றால் மே நடுவில்.

கேள்வி: மல்டிகலர் அடித்தால்தான் மதிப்பு என்கிறார்களே?
- வாசகர், விருதுநகர்

பதில்: மல்டிகலருக்கு நாலு பிளேட், ஒற்றைக் கலருக்கு ஒன்று. சிவகாசியில் பல பேருடைய வேலையை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிப்பதால் மல்டிகலரும் மலிவாகவே கிடைக்கிறது, ஆனால் அது ஆயிரக்கணக்கில் அடிக்கிறவர்களுக்கு. கேக், இனிப்பு, நகை மாதிரி கண்ணுக்குத் தெரிய வேண்டிய சரக்கு என்றால் கலர் அடியுங்கள். மாவு அரைப்பது, மிக்ஸி ரிப்பேர், டியூஷன் இதற்கெல்லாம் மஞ்சள் தாளில் கறுப்பு மையே போதும். மிச்சப் பணத்தில் பின்பக்கத்தையும் அடித்து பஸ் நேரம், கேஸ் புக்கிங் எண், மின்வாரியப் புகார் எண் போடுங்கள். அந்தத் தாள் அடுப்படிச் சுவரில் வருஷக்கணக்கில் இருக்கும்.

கேள்வி: ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசி நோட்டீஸ் போட ஆள் வைக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நான் அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். தம்பி கடைக்கு 3,000 நோட்டீஸ் போட இரண்டு பையன்களிடம் கொடுத்தோம், மதியத்துக்குள் முடித்துவிட்டோம் என்று வந்து பணம் வாங்கிப் போனார்கள், மறுநாள் சாக்கடை ஓரத்தில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அப்புறம் நாங்களே நடந்து போட்டபோதுதான் அதற்கு மூன்று நாள் பிடிக்கும் என்று தெரிந்தது. எண்ணிக்கைக்குக் கூலி பேசினால் சீக்கிரம் தீர்க்கத்தான் தோன்றும். நாள் கூலியாகப் பேசி, டீயும் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து, எந்தெந்தத் தெரு என்று எழுதிக் கொடுங்கள், முதல் நாள் கூடவே போங்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை இதற்கு வைக்கவே வைக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

கேள்வி: மீந்த நோட்டீஸைக் கரண்ட் கம்பத்திலும் காம்பவுண்டுச் சுவரிலும் ஒட்டிவிடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது, நோட்டீஸில் உங்கள் போன் நம்பரும் இருக்கும், தேடிக்கொண்டு வர வேண்டிய வேலையே இல்லை. பெட்டிக்கடைக்காரரிடமும் மெடிக்கல் ஷாப்பிலும் கேட்டு அவர்கள் கடைக்கு உள்ளே ஒட்டுங்கள், கூடவே அவர்கள் கடையின் நோட்டீஸ் ஒன்றை வாங்கி வந்து உங்கள் கடையில் ஒட்டுங்கள்.