மகனுக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸில் சீட் கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. பெர்லின், மியூனிக் என்றால் சொந்தக்காரர்களுக்குத் தெரியும், இது என்ன ஊர் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பெயர். அதை 'செம்னிட்ஸ்' என்று படிக்கக் கூடாது, 'கெம்னிட்ஸ்'. ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயர் அது. உங்கள் கணவரின் பழைய அட்லஸில் ஊரே இல்லை என்றீர்கள். அதில் 'கார்ல் மார்க்ஸ் ஸ்டாட்' என்று தேடச் சொல்லுங்கள். கிழக்கு ஜெர்மனி அரசு 1953இல் அந்தப் பெயரை வைத்தது. மார்க்ஸ் அங்கே வாழ்ந்ததே இல்லை! 1990இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், நான்கில் மூன்று பேர் பழைய பெயரைக் கேட்டார்கள். பெயர் போனாலும் மார்க்ஸின் 7 மீட்டர் உயர வெண்கலத் தலை இன்னும் நடு ஊரில் நிற்கிறது.

மக்கள்தொகை சுமார் இரண்டரை லட்சம். பழைய தொழில் நகரம், 'சாக்சனியின் மான்செஸ்டர்' என்ற பட்டப்பெயர் உண்டு (சாக்சனி என்பது இந்த ஊர் இருக்கும் மாநிலம்). ஆடி காரில் நான்கு வளையங்கள் பார்த்திருப்பீர்கள். 1932இல் நான்கு கார் நிறுவனங்கள் சேர்ந்து உருவான ஆட்டோ யூனியனின் அடையாளம் அது, அதன் தலைமையகம் இந்த ஊரில்தான் இருந்தது. ஃபோக்ஸ்வேகனின் இன்ஜின் தொழிற்சாலை இப்போதும் இருக்கிறது. மகன் படிக்கப்போவது ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேர் என்பதால் இதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் வேர் 1836இல் தொடங்கிய தொழிற்பள்ளி. ஏதோ புதுக் கல்லூரி என்று நினைக்க வேண்டாம்.

2018 கலவரச் செய்தியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அது உண்மைதான், மறைக்க மாட்டேன். ஒரு கொலையைத் தொடர்ந்து தீவிர வலதுசாரிகள் வெளிநாட்டவருக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். அதே ஊர் 2025இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகவும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். நானோ ஏஜென்டோ சொல்வதைவிட அவர்களில் இரண்டு பேரிடம் மகனையே பேசச் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம், ராத்திரி எங்கே தனியாகப் போகக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

செலவில் இந்த ஊர் உங்களுக்குச் சாதகம். 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பின் ஏராளமானோர் வேலை தேடி மேற்கே போய்விட்டதால் வீட்டு வாடகை மியூனிக்கை விட மிகக் குறைவு. ஆனால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (வாழ்க்கைச் செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) போட வேண்டிய தொகை எந்த ஊருக்கும் ஒன்றுதான். 2024 செப்டம்பரிலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ. இடையில் மாறியிருக்கலாம், தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டு பேங்க் லோனுக்குப் போங்கள். மகனின் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை.

எனக்குக் கவலை வேறு ஒன்றில்தான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஊர் ஆங்கிலத்தில் நடக்காது. அங்கே பெரியவர்கள் பள்ளியில் படித்த அந்நிய மொழி ரஷ்யன். வீட்டுக்காரர், டாக்டர், பகுதிநேர வேலை எல்லாவற்றுக்கும் ஜெர்மன் வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், ஜெர்மன் தெரியாதவருக்கு அதில் பாதி மொழி வகுப்பிலேயே போய்விடும். ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன் ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். கிளம்பும்போது ஏ2 (அடிப்படை நிலை), இரண்டாம் ஆண்டுக்குள் பி1 (நடுத்தர நிலை). இதற்கு அவர் சம்மதித்தால், தாராளமாக அனுப்புங்கள்.