கார் வாங்கும்போதும் சர்வீஸுக்கு விடும்போதும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஷோரூம் விலையில் ஒரு புதிய கார் பார்த்திருக்கிறோம். கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு தொகை தனியாக இருக்கிறது. இன்சூரன்ஸையும் தங்களிடமே எடுத்தால்தான் டெலிவரி என்கிறார்கள். இது சரிதானா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சரியல்ல. ஷோரூம் விலை, ஆயுள்கால வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஆன்ரோடு விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். இது அரசுக்குப் போகும் பணம் என்பதால் இதில் பேரம் கிடையாது. ஆனால் வண்டியைக் கொண்டுவந்து, கழுவி, சோதித்து உங்கள் கையில் ஒப்படைப்பது விற்பவருடைய வேலை. அதற்குரிய கமிஷன் ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் 2019 ஏப்ரல் முதல் வண்டியோடு சேர்ந்தே வருகிறது. எனவே ஹேண்ட்லிங் சார்ஜை நீக்கித் தரும்படி உறுதியாகக் கேளுங்கள். மறுத்தால், எதற்கான தொகை என்று எழுதி, முத்திரையிட்ட ரசீது கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பேச்சு மாறும்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு மட்டும் எடுக்கலாம். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது முழுக்க உங்கள் உரிமை. டீலர் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே ஒரு விலைப்பட்டியல் வாங்கிக்கொண்டு போங்கள். வண்டியின் காப்பீட்டு மதிப்பும் கூடுதல் பாதுகாப்புகளும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக்கு அனுப்புவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியை ஸ்டாக்யார்டுக்கே போய்ப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 3425 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஐந்து டயர்களிலும் அந்த எண்ணைப் பாருங்கள். ஒன்று மட்டும் வெகுவாக வேறுபட்டால் காரணம் கேளுங்கள். பானெட்டைத் திறந்து சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் அச்சாகும், டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் வாங்கினால், விற்கும்போது அது ஒரு வயது கூடிய வண்டியாகவே கணக்காகும். உங்கள் பெயரில் பதிவான பிறகு கண்ணில் படும் கீறலுக்காக வண்டியை மாற்றித் தரச் சொல்வது மிகக் கடினம்.

கேள்வி: அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன். ஆறாயிரம் ஆகும் என்றவர்கள் பதினாலாயிரத்துக்கு பில் நீட்டினார்கள். கேட்டால், “எல்லாம் வண்டிக்கு நல்லதுதான் சார்” என்கிறார்கள். (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இதே வருத்தத்தை வேறு வேறு ஊர்களிலிருந்து எழுதுகிறார்கள். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, காரோடு கொடுத்த உரிமையாளர் கையேட்டைத் திறந்து பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் போதும் என்று வண்டியைச் செய்தவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் என்று அந்தப் பட்டியல் சிறியது. இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிருமிநீக்கம், உட்புற மெருகு, அடிப்பாகப் பூச்சு போன்றவை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்காது. இவற்றில் சில, ஒருசில வண்டிகளுக்குத் தேவைப்படலாம்; ஆனால் தேவையா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள், உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டுப் பணம் கேட்பது தவறு.

சென்ற ஆண்டு என் காரை விட்டபோது, முன்சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, இன்றே மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் அட்வைசர் போனில் சொன்னார். நான் நேரில் போய், சக்கரத்தைக் கழற்றிக் காட்டும்படி கேட்டேன். மெக்கானிக் பேடை வெளியே எடுத்து, துணியால் கரியைத் துடைத்து, ஸ்கேலை வைத்தார். ஏழு மில்லிமீட்டர் இருந்தது. புதிய பேடே ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர்தான். மூன்றுக்கு வரும்போது மாற்றினால் போதும். அந்த இளைஞர் அட்வைசரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேடை மறுபடி மாட்டினார். அவர்மீது எனக்கு மரியாதைதான் வந்தது. மாதத்துக்கு இவ்வளவு கூடுதல் வேலை பிடித்தாக வேண்டும் என்ற இலக்கு அட்வைசரை நெருக்குகிறது; அதன் சுமையை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

ஆகவே வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ஒவ்வொரு வேலையும் அதன் தோராயமான தொகையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘என் சம்மதம் இன்றிக் கூடுதல் வேலை எதுவும் செய்யக் கூடாது’ என்று அதிலேயே உங்கள் கையால் எழுதுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் பில்லைப் பொறுத்தவரை, முதலில் சர்வீஸ் மேலாளருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். டீலர் தனி முதலாளி, அவர் பெயர்ப்பலகை மட்டுமே நிறுவனத்துடையது. ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையை இழக்க எந்த டீலரும் விரும்புவதில்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

கேள்வி: எங்களுக்கு அருகிலுள்ள கம்பெனி சர்வீஸ் சென்டர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரில் நல்ல மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் விட்டால் வாரண்டி போய்விடுமா? (தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் கோளாறால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று 2014 ஆகஸ்டில், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் உத்தரவிட்டது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அதே உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவு உங்கள் பக்கம் இருந்தாலும், கியர்பாக்ஸ் பழுதாகி நிற்கும் நாளில் வாதாடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது என்பதால், வாரண்டி காலம் முடியும்வரை அட்டவணைப்படியான சர்வீஸைக் கம்பெனி சென்டரில் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. பஞ்சர், பேட்டரி, வைப்பர், பல்பு போன்றவற்றுக்கு உங்கள் ஊர்க்காரரே போதும். வாரண்டி முடிந்த பிறகு தயங்காமல் முழுமையாக அவரிடம் செல்லுங்கள். கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலான ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுத்து, அந்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பழைய காரை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. போக்குவரத்து அபராதங்கள் இன்னும் என் செல்போனுக்கே வருகின்றன. (செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அபராதத்தைவிட இதுதான் அச்சம் தரும் விஷயம். வண்டியை ஒப்படைத்த தேதியுள்ள ரசீதின் நகலை இணைத்து, ஷோரூமுக்கும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் இன்றே எழுதுங்கள். இனி எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல், வாங்குபவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரா என்று முதலில் கேட்க வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அத்தகைய டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையவழியில் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அவரே அந்த வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த ஒப்புகையை அச்செடுத்து வாங்கிக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள். அதே நாளில் பழைய காரின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சலுகையான ‘நோ கிளைம் போனஸ்’ கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தச் சலுகை காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது என்பதால், புதிய காரின் சொந்தச் சேதக் காப்பீட்டில் 50 சதவீதம் வரை அது குறைத்துத் தரும்.