வாசகர் கேள்வி – பதில்: பாக்தாத் வணிகர் வீட்டுக் காதல்

கேள்வி: பாக்தாதிலிருந்து வந்து ஆசியாவில் பெருஞ்செல்வம் சேர்த்த ஒரு யூத வணிகக் குடும்பத்தைப் பற்றிய சரித்திரக் காதல் நாவல் படித்தேன். ஷாங்காயில் அந்த வீட்டு வாரிசு, குடும்பத்தை எதிர்த்துச் சீனப் பெண் ஒருத்தியை மணக்கிறான். நிஜத்தில் இப்படி நடந்திருக்குமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அத்தகைய திருமணம் நடந்திருக்கிறது, ஆனால் மணந்தவர் வாரிசு அல்லர்.

பாக்தாத் ஆளுநர் தாவூத் பாஷாவின் கெடுபிடிக்குத் தப்பி, புஷேர் துறைமுகம் வழியாக 1830களின் தொடக்கத்தில் பம்பாய் வந்துசேர்ந்த டேவிட் சசூன், தம் எட்டு மகன்களைக் கொண்டே தொழிலைச் சீனம்வரை விரித்தார். சரக்கும் கடனும் கைவிட்டுப் போகாதிருக்க, கொள்வினை கொடுப்பினையும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அவருடைய மகன் சாலமன் 1876இல் மணந்த ஃப்ளோரா, டேவிட் சசூனுக்கே கொள்ளுப்பேத்தி முறை. அக்காள் மகளைக் கட்டும் வழக்கத்தை அறிந்த நமக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 1894இல் சாலமன் இறந்தபின் பம்பாய் நிறுவனத்தை நிர்வகித்தவர் இந்த ஃப்ளோராதான். என் கண்ணுக்கு, ஓடிப்போகும் எந்த வாரிசையும்விட இவரே நல்ல கதாநாயகி.

சீனப் பெண்ணை மணந்தவர் சைலஸ் ஹார்தூன். பாக்தாதில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, ஷாங்காயில் சசூன்களிடம் வாடகை வசூலிப்பவராகச் சம்பளத்துக்கு இருந்தவர். 1886இல் அவர் கைப்பிடித்த லுவோ ஜியாலிங், பிரெஞ்சுத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த பௌத்தர். கட்டிக்காக்கப் பரம்பரைச் சொத்து இல்லாததால்தான் ஹார்தூனால் மனம்போல் மணக்க முடிந்தது என்று நினைக்கிறேன். பிறகு நாஞ்சிங் சாலை நிலங்களால் அவர் ஷாங்காயின் பெருஞ்செல்வர்களில் ஒருவரானபோதும் வீட்டில் இரு மரபுகளும் சேர்ந்தே இருந்தன: மனைவியின் விருப்பப்படி பௌத்தத் திருமறைத் தொகுப்பு ஒன்றை அச்சிடப் பணம் கொடுத்தார், தந்தை ஆரோன் நினைவாக 1927இல் யூதத் தொழுகைக்கூடமும் கட்டினார். பிள்ளைப்பேறு இல்லாத அவர்கள் பல குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். 1931இல் அவர் இறந்தபோது யூதச் சடங்குகளும் சீனச் சடங்குகளும் அவர்களுடைய தோட்டத்திலேயே நடந்தன. எதிர்ப்பு வந்தது அதற்குப் பிறகுதான். சொத்து மனைவிக்கு என்று எழுதிய உயில் செல்லாது என பாக்தாத் உறவினர்கள் ஷாங்காயிலிருந்த பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். தீர்ப்பு லுவோவுக்கே சாதகமானது.

கேள்வி: நம் நாட்டு யூதர்களிடையே காதலுக்குத் தடை இருந்ததா?
– ஒரு வாசகர், பாலக்காடு

பதில்: கொச்சியில் இருந்தது, அதுவும் ஒரே மதத்துக்குள். மட்டாஞ்சேரியின் பரதேசி தொழுகைக்கூடத்தில் 'வெள்ளை யூதர்' எனப்பட்டோர், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோரைச் சமமாக அமரவிடவில்லை. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சாலம், காந்திய முறையில் அறப்போர் நடத்திப் பல தடைகளைத் தகர்த்தார். மண உறவுக்கு இருந்த தடை மட்டும் நீடித்தது. அவர் மகனும் வெள்ளை யூதரான கோடர் குடும்பத்துப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பி, 1950இல் பம்பாய்க்குப் போய்த்தான் மணந்துகொள்ள முடிந்தது. நாடு குடியரசான ஆண்டு அது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

கேள்வி: இந்தக் குடும்பங்களை வைத்துக் காதல் கதை எழுத ஆசை. எதை விட்டுவிடக்கூடாது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அபினை. மாளவத்தில் விளைந்து பம்பாயில் கப்பலேறிச் சீனம் போன அந்தச் சரக்கில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சசூன்கள் முன்னணியில் இருந்தார்கள். ஹார்தூனின் செல்வத்திலும் அதற்குப் பங்குண்டு. மாளிகையையும் முத்துமாலையையும் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, அவற்றுக்குப் பணம் வந்த வழியைச் சொல்லாமல் விடுவது அந்தச் சீனப் பெண்ணின் ஊருக்கே செய்யும் அநியாயம். உங்கள் கதாநாயகனைக் கணக்கறையில் உட்காரவையுங்கள். அவன் காதலிப்பவளின் உறவினர் ஒருவர் அபினுக்கு அடிமையாகியிருக்கட்டும். அவர்கள் பேசிக்கொள்ள வேண்டியது அங்கேயே இருக்கிறது.